மறுமொழி: தனி நார்க்கட்டியா, ஒற்றை நார்க்கழலையா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். காதோர உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் ஒரு கட்டியைப் பற்றிய நம் நோயாளர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நோயின் பெயர் மட்டும் இன்னும் நிரப்பப்படாமல் கிடக்கிறது. ‘சாலிட்டரி ஃபைப்ரஸ் ட்யூமர்’ என்னும் ஆங்கிலப் பெயருக்குப் பேராசிரியர் ஐயா ‘தனி நார்க்கட்டி’ என்றும், யாழ்ப்பாணத்து நண்பர் ‘ஒற்றை நார்க்கழலை’ என்றும் எழுதியிருந்தார்கள்.

தனித்தமிழ் என்கையில் ‘தனி’ கலப்பின்மையைக் குறிப்பதால், தனி நார்க்கட்டி என்பது நாரால் மட்டுமே ஆன கட்டி என்றும் பொருள்படும். உண்மையிலோ, நூற்கும் கதிர் போன்ற உயிரணுக்களும் கலைமான் கொம்பாகக் கிளைக்கும் இரத்தக் குழாய்களும் அதில் நிறைந்திருக்கின்றன. ‘ஒற்றை’ இன்னும் சிக்கல். ஒன்றுதானே, எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நோயாளர் எண்ணிவிடுவார். 1931இல் கிளெம்பெரர், ராபின் என்னும் மருத்துவர்கள் நுரையீரல் உறையின் கட்டிகளைப் பரவியவை, ஓரிடத்தில் நிற்பவை என்றே பிரித்தார்கள்; நம் கட்டி அந்த இரண்டாம் வகை. ஆகவே ‘ஓரிட நார்க்கட்டி’ என்பது என் முன்மொழிவு. சில வேளைகளில் வேறிடத்துக்கும் பரவும் நோய்க்கு அந்தப் பெயர் தகுமா என்று மருத்துவர் கேட்டதற்கு என்னிடம் முழு விடை இல்லை.

‘கழலை’க்குக் ‘கழல்தல்’ வேர் என்றும், விரலுக்கு அடியில் நழுவுவதால் வந்த பெயர் என்றும் ஐயா விளக்கி, புறநானூற்றுக் ‘கழல்தொடி ஆஅய்’ வரை போய்விட்டார். சுவையான பயணந்தான். ஆனால் இந்த உமிழ்நீர்ச் சுரப்பியில் மிகுதியாகக் காணப்படும் தீங்கற்ற கலப்புக் கட்டியும் அப்படியே நழுவும். கை தொட்டு இரண்டையும் பிரிக்க முடியாது. மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுத்த உயிரணுக்களும் பல நேரம் ஐயத்தைத் தீர்ப்பதில்லை. திசுவில் ஸ்டாட்6 புரதம் உட்கருவுக்குள் சாயமேறுகிறதா என்று பார்த்த பிறகே நோயியலர் உறுதி சொல்கிறார். நாப்2, ஸ்டாட்6 என்னும் இரு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வதே இதன் அடையாளம் என்பது 2013இல் தெரியவந்தது.

சுரப்பியின் பெயரில் இன்னொரு சண்டை வேண்டாம். பள்ளியில் ‘மேலண்ணச் சுரப்பி’ என்று படித்தோம். அது இருப்பதோ காதின் முன்னும் கீழும். அதனால் கையேட்டில் “பொன்னுக்குவீங்கி வந்தால் காதோரம் வீங்குமே, அந்த உமிழ்நீர்ச் சுரப்பி” என்று எழுதிவிட்டேன். இலங்கைப் பதிப்பில் அது ‘கூகைக்கட்டு’ என்று மாறும்.

முகநரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளேயே கிளைத்து ஓடுவதால், அதைக் காத்துக் கட்டியை முழுமையாக அகற்றுவதே முதன்மைச் சிகிச்சை என்ற பத்தியில் எவருக்கும் மறுப்பில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் மீண்டும் வரக்கூடும் என்பதால் தொடர் பரிசோதனை வேண்டும் என்ற வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

பெரும்பான்மை ‘தனி’ப் பக்கம் சாய்ந்திருப்பதால் தலைப்பில் ‘தனி நார்க்கட்டி’ என்றே போகிறது. அடுத்த வரியில் “ஓரிடத்தில் தோன்றும் கட்டி” என்று சேர்த்துள்ளேன். அதையும் நீக்கச் சொல்வோர் வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
கையேட்டு மொழிபெயர்ப்பாளர்