2,000 ரூபாய்க்கு 16 டிபி எஸ்எஸ்டி: பெருந்தொற்றுக்குப் பிந்தைய விலைச்சரிவா, மோசடியா?

கேள்வி: அறிவியல் ஆசிரியை, திண்டுக்கல்

வணக்கம். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பணிபுரிகிறேன். 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டுப் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில், கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களோடு நின்றுவிடாமல், எங்கள் ஆசிரியர்கள் சிலர் வீட்டிலிருந்தே பாடங்களைப் படம்பிடித்து மாணவர்களுக்கு அனுப்பிவந்தோம். கணித ஆசிரியர் ஒருவர் நடத்திய வடிவியல் பாடங்களும் அவற்றுள் உண்டு. அவர் 2021 மே மாதம் இரண்டாம் அலையில் காலமானார். அவர் குரலில் எஞ்சியிருப்பவை அந்தப் பாடங்கள்தாம் என்பதால், அவர் குடும்பத்தாருக்கும் ஒரு படி தருவதாகச் சொல்லியிருக்கிறோம்.

இந்தக் கோப்புகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வைப்பதற்காகச் சக ஆசிரியர் ஒருவர், இணைய விற்பனைத் தளம் ஒன்றில் ஏறத்தாழ 2,000 ரூபாய்க்கு ‘16 டிபி’ (டெராபைட்; 1 டிபி என்பது ஏறத்தாழ 1,000 ஜிபி) என்று அச்சிட்ட எஸ்எஸ்டி ஒன்றை, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் வட்டு ஒன்றை, வாங்கினார். கணினியில் செருகினால் 16 டிபி என்றே காட்டுகிறது. பள்ளி மடிக்கணினியிலிருந்து எல்லாவற்றையும் இதற்கு நகர்த்தியபோது எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. இப்போதோ முதலில் ஏற்றிய கோப்புறைகள் மட்டுமே திறக்கின்றன. பின்னால் ஏற்றியவற்றில் பெயரும் அளவும் சரியாக இருந்தும் காணொளி ஓடுவதில்லை. விற்பனையாளரைக் கேட்டால், ஒருமுறை ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார். பெருந்தொற்றுக்குப் பின் நினைவகச் சில்லுகளின் விலை பெருமளவு சரிந்துவிட்டதாகச் செய்திகள் வந்ததால், விலையைப் பார்த்து எவருக்கும் ஐயம் எழவில்லை. இது பழுதா, மோசடியா? கோப்புகளை மீட்க வழி உண்டா?

பதில் 1: கணினி பழுதுநீக்குபவர், கோயம்புத்தூர்

அம்மா, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். ஃபார்மேட் செய்ய வேண்டாம். அந்த எஸ்எஸ்டியில் புதிதாக எதையும் எழுத வேண்டாம். பள்ளி மடிக்கணினியையும் இப்போதே அணைத்து, எவரும் பயன்படுத்தாதபடி எடுத்து வையுங்கள்.

நீங்கள் படித்த செய்தி பொய்யன்று. மோசடிக்காரர்களுக்குக் கைகொடுத்ததே அந்த உண்மைதான். 2020, 2021 ஆண்டுகளில் வீட்டிலிருந்து வேலை, வீட்டிலிருந்து படிப்பு என்று கணினிச் சாதனங்களுக்குத் தேவை பெருகியது. 2021இல், வட்டின் காலி இடத்தைக் கொண்டு ஈட்டப்படும் சியா என்ற மின்பணத்துக்காக ஹார்டு டிஸ்குகளை மொத்தமாக வாங்கிக் குவித்ததால் அவற்றின் விலையும் ஏறியது. அதே ஆண்டு ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸ் தன் வரம்பற்ற இலவசச் சேமிப்பை நிறுத்தி, புதிய படங்களையும் 15 ஜிபி கணக்கில் சேர்க்கத் தொடங்கியபோது, அதுவரை தனியே வட்டு வாங்க நினைத்தே இராத குடும்பங்களும் வாங்கத் தொடங்கின. பிறகு 2022இன் பிற்பாதியில் தேவை வீழ்ந்து, சில்லுகள் கிடங்குகளில் தேங்கி, 2023இல் சாம்சங் உள்ளிட்ட நிறுவனங்கள் உற்பத்தியையே குறைக்கும் அளவுக்கு விலை சரிந்தது. ஆனால் அந்தச் சரிவின் அடிமட்டத்திலும் ஒரு நல்ல நிறுவனத்தின் 1 டிபி கையடக்க எஸ்எஸ்டி சில ஆயிரம் ரூபாய்க்குக் குறையவில்லை. 2023 இறுதியில் சாம்சங் வெளியிட்ட டி5 ஈவோ என்ற எஸ்எஸ்டியின் உச்சக் கொள்ளளவே 8 டிபிதான். அதன் அறிமுக விலை அமெரிக்காவில் ஏறத்தாழ 650 டாலர். அதைப்போல் இரு மடங்கு கொள்ளளவை 2,000 ரூபாய்க்கு எவராலும் விற்க முடியாது. ஆகவே உங்களிடம் இருப்பது பழுதான பொருளன்று, திட்டமிட்டே செய்யப்பட்ட போலி.

அது இயங்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் உங்கள் கோப்புகளுக்கு என்ன நேர்ந்தது என்பதும் விளங்கும். சேமிப்புச் சில்லுக்கும் கணினிக்கும் நடுவே கன்ட்ரோலர் என்ற சிறு சில்லு ஒன்று இருக்கிறது. எவ்வளவு இடம் உள்ளது என்று கணினி கேட்கும்போது விடை சொல்வது அதுதான். கணினி அந்த விடையை அப்படியே நம்புகிறது. போலிகளில் கன்ட்ரோலரின் உள்நிரலை மாற்றி, உள்ளே 64 ஜிபி மட்டுமே இருந்தாலும் 16 டிபி என்று சொல்ல வைத்துவிடுகிறார்கள். உண்மையான இடம் தீர்ந்த பிறகு வரும் தரவை அது வாங்கிக்கொண்டு வெறுமனே கைவிட்டுவிடும். சில வகைகள் மறுபடி தொடக்கத்துக்குப் போய்ப் பழையதன் மேலேயே எழுதும். கோப்புகளின் பெயர், அளவு, தேதி ஆகியவற்றைக் கொண்ட அட்டவணை பெரும்பாலும் வட்டின் தொடக்கப் பகுதியில், அதாவது உண்மையாகவே உள்ள இடத்தில், எழுதப்படுவதால் பட்டியல் மட்டும் பிசகாமல் தெரிகிறது. நகல் எடுத்த நேரத்தில் பிழைச் செய்தி வராததற்கும் இதுவே காரணம். இவ்வகை மோசடியில் என்னைப் பெரிதும் வருத்துவது இதுதான்: பொருள் போலி என்று தெரியவரும்போது, மூலக்கோப்புகளைப் பலரும் ஏற்கெனவே அழித்திருப்பார்கள்.

உறுதிப்படுத்த வேண்டுமானால், திறக்கும் கோப்புகளை வேறொரு நம்பகமான வட்டுக்கு மாற்றிய பிறகு, அமெரிக்க நிரலாளர் ஸ்டீவ் கிப்சன் 2023இல் இலவசமாக வெளியிட்ட வேலிடிரைவ் என்ற நிரலை விண்டோஸ் கணினியில் ஓட்டுங்கள். வட்டு முழுவதிலும் சம இடைவெளியில் 576 இடங்களில் எழுதிப் படித்து, உண்மையில் எதுவரை இடம் இருக்கிறது என்று சில நிமிடங்களில் படமாகக் காட்டிவிடும். முழு வட்டையும் எழுதிப் பார்க்கும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற நிரல் இன்னும் நுணுக்கமானது. லினக்ஸ், மேக் கணினிகளில் அதே வேலைக்கு எஃப்3 என்ற நிரல் உண்டு. ஆனால் யுஎஸ்பி 2.0 என்ற பழைய இணைப்பின் வேகத்தில் 1 டிபியை எழுதவே ஏறத்தாழ 9 மணி நேரம் ஆகும் என்பதால், 16 டிபி என்று சொல்லிக்கொள்ளும் பொருளுக்கு அந்த வழி உகந்ததன்று.

பதில் 2: தரவு மைய ஊழியர், சென்னை

மேலே சொன்னவை அனைத்தும் சரி. பெரிய பெயர் கொண்ட தளத்தில் வாங்குவதே பாதுகாப்பு என்ற நம்பிக்கையைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். 2022இல் அமெரிக்காவில் வால்மார்ட் இணையதளத்திலேயே 30 டிபி எஸ்எஸ்டி என்ற பெயரில் 40 டாலருக்கும் குறைவாக ஒரு பொருள் விற்பனைக்கு இருந்தது. அதே போன்ற ஒன்றைப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் வாங்கிப் பிரித்தபோது, ஒரு சிறு பலகையில் ஒட்டப்பட்ட இரண்டு மைக்ரோ எஸ்டி மெமரி கார்டுகளே உள்ளே இருந்தன. செய்தி பரவிய பிறகுதான் அது நீக்கப்பட்டது. இத்தகைய தளங்களில் வெளியார் பலர் கடை விரித்திருப்பதால், தளத்தின் பெயரைவிட ‘விற்பவர்’ என்ற வரியில் யார் பெயர் இருக்கிறது என்பதே முக்கியம்.

பெருந்தொற்றுக் காலக் கொள்முதலின் இன்னொரு விளைவு 2025 ஜனவரியில் ஜெர்மனியில் வெளிப்பட்டது. சீகேட் நிறுவனத்தின் பெருங்கொள்ளளவு ஹார்டு டிஸ்குகளைப் புதியவை என நம்பி வாங்கியவர்கள், அவை பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை என்று கண்டறிந்தார்கள். வட்டு தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் வழக்கமான ஸ்மார்ட் பதிவுகளில் ஓடிய நேரம் பூச்சியமாக்கப்பட்டிருந்தாலும், ஃபார்ம் என்ற தனிப் பதிவில் உண்மையான கணக்கு எஞ்சியிருந்தது. சியா ஈட்டும் பண்ணைகளில் ஓடிக் களைத்த வட்டுகளாக இவை இருக்கலாம் என்று அப்போது எழுதப்பட்டது. பள்ளிக்கு ஹார்டு டிஸ்க் வாங்கினால், இப்பதிவுகளைப் படித்துக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் நிரலின் புதிய பதிப்பைக் கொண்டு அந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதில் 3: நுகர்வோர் வழக்குகளைக் கவனிக்கும் வழக்கறிஞர், மதுரை

பொருளைத் திருப்பி அனுப்புவதற்கு முன், விளம்பரப் பக்கம், விலைச்சீட்டு, விற்பனையாளரின் குறுஞ்செய்திகள், சோதனை நிரல் காட்டிய முடிவு ஆகியவற்றைப் படமெடுத்து வையுங்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மின்வணிக விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அது நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. காலக்கெடு 2 ஆண்டுகள். தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள். புகார் பதிவானால்தான் அந்த விற்பனையாளரின் பெயர் ஏதேனும் ஒரு பதிவேட்டில் ஏறும்.

அறிவியல் ஆசிரியை, திண்டுக்கல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வேலிடிரைவ் சோதனையில் தொடக்கத்தில் ஒரு சிறு பகுதியைத் தவிர மற்ற இடங்கள் எல்லாம் சிவப்பாகவே, அதாவது சேமிக்க இடமே இல்லை என்றே, வந்தன. மடிக்கணினியை அணைத்து அலமாரியில் பூட்டிவிட்டேன். அது 2016இல் வாங்கியது. உள்ளே இருப்பது பழைய ஹார்டு டிஸ்க். கணித ஆசிரியரின் பாடங்கள் திறக்காத பகுதியில்தான் இருக்கின்றன.

பதில் 1: கணினி பழுதுநீக்குபவர், கோயம்புத்தூர்

பழைய ஹார்டு டிஸ்க் என்பது நல்ல செய்தி அம்மா. போலி எஸ்எஸ்டியில் திறக்காத கோப்புகள் அதில் பெரும்பாலும் எழுதப்படவே இல்லை என்பதால், அதிலிருந்து மீட்டுத் தருவதாக எவர் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஆனால் ஹார்டு டிஸ்கில் ஒரு கோப்பை அழித்தாலோ நகர்த்தினாலோ, அந்த இடம் காலி என்று குறிக்கப்படுமே தவிர, வேறொன்று அதன் மேல் எழுதப்படும் வரை தரவு அங்கேயே இருக்கும். மடிக்கணினியில் எஸ்எஸ்டி இருந்திருந்தால், காலியான இடங்களை அது தானாகவே துடைத்திருக்கும்.

மடிக்கணினியை இனி இயக்க வேண்டாம். விண்டோஸ் தொடங்கும்போதே எதையாவது எழுதும். வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, முதலில் அதன் முழு நகலை எடுத்து, அந்த நகலின் மீது அழிந்த கோப்புகளைத் தேடி மீட்கும் போட்டோரெக் என்ற இலவச நிரலை ஓட்ட வேண்டும். கோப்புகளின் பெயர்கள் திரும்பி வாரா; துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த பெரிய காணொளிகள் சில முழுமையாகக் கிடைக்காமலும் போகலாம். இதோடு, அன்று பாடங்களைப் பெற்ற மாணவர்களின் வீட்டுக் கைப்பேசிகளிலும் விசாரியுங்கள். வாட்ஸ்ஆப்பில் வந்தவை தரம் குறைந்தவை என்றாலும் குரல் தெளிவாக இருக்கும். உங்கள் ஊரில் வட்டைக் கழற்ற நம்பகமான ஆள் இல்லையென்றால் கோவைக்கு எடுத்து வாருங்கள். இதற்கு நான் கூலி வாங்கமாட்டேன்.