சைக்கிள் பொருத்தம் பார்ப்பதற்குச் செலவிடலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டும்போது எனக்கு முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது; கைவிரல்களும் மரத்துப்போகின்றன. இருக்கை தாழ்ந்திருந்தால் முன்பக்கமும், மிக உயர்ந்திருந்தால் பின்பக்கமும் வலிப்பது வழக்கம் என்பதால், உள்கால் அளவை (கவட்டிலிருந்து தரை வரையுள்ள உயரம்) 0.883 ஆல் பெருக்கி, பெடல்கள் சுழலும் அச்சின் நடுவிலிருந்து இருக்கையின் மேற்பகுதி வரை அந்த உயரம் வருமாறு வைத்துப் பார்த்தேன். வலி குறைந்தது, மரத்துப்போவது மட்டும் குறையவில்லை. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் மடிப்பு 25 முதல் 35 பாகைக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். ஓட்டிக்கொண்டே அதை நாமே அளப்பது எளிதன்று. ஆகவே சைக்கிளை ஓட்டுபவரின் உடலுக்கேற்பச் சரிசெய்து தரும் வல்லுநர் ஒருவரிடம் செல்ல எண்ணுகிறேன். கட்டணம் ஒருபுறமிருக்க, ஸ்டெம் (கைப்பிடியைத் தாங்கும் இணைப்புத் துண்டு), இருக்கை போன்றவற்றை மாற்றும் செலவும் சேரும் என்பதே என் தயக்கம். இதைச் செய்துகொண்டவர்கள், பலன் சில மாதங்கள் கழித்தும் நிலைத்ததா, கிளீட் (காலணியைப் பெடலுடன் பிணைக்கும் அடித்துண்டு) அமைப்பையும் சேர்த்துப் பார்த்தார்களா, மறுசரிபார்ப்புக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.