மாலுமியே அல்லாதவர் கடல் மீட்புப் பணிக்குத் தலைவரா? கிம்பால் பற்றி ஒரு கேள்வி

அஸ்தம்பட்டி மாணவன்

வணக்கம். குரூப் 1 நேர்முகத் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். ‘உங்களைக் கவர்ந்த நிர்வாகி யார்?’ என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் நாலு பெயர்களையே சொல்ல எனக்கு விருப்பமில்லை. அமெரிக்காவின் கடலோர உயிர்காப்புப் பணிக்கு 1878 முதல் 1915 வரை தலைமைக் கண்காணிப்பாளராக இருந்த சம்னர் கிம்பாலைத் தேர்ந்தெடுத்தேன். அந்தப் பதவியில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

மாதிரி நேர்காணலில் ஒருவர் என்னை மடக்கிவிட்டார். “அவர் வழக்கறிஞர். பிறகு கருவூலத் துறையில் எழுத்தர். துடுப்புப் போட்டவர்கள் யாரோ, பெயர் வாங்கியவர் இவர். இதில் என்ன பெருமை?” என்றார். பதில் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆத்தூரான்

அவர் கேட்டதில் என்ன தவறு? அந்தப் பணியைத் தொடங்கியவரும் கிம்பால் அல்ல. நியூஜெர்சி உறுப்பினர் வில்லியம் நியூவெல் 1848இல் நாடாளுமன்றத்தில் பேசி 10,000 டாலர் வாங்கினார். கரையில் படகும் கயிறும் வைத்த கொட்டகைகள் அப்போதே எழுந்துவிட்டன. 1871இல்தான் கிம்பால் கருவூலத் துறையின் வருவாய்க் கப்பல் பிரிவுக்குத் தலைவராகி, இந்தக் கொட்டகைகளுக்கும் பொறுப்பாக வருகிறார். வேறு ஆளைத் தேடுங்கள் தம்பி.

பழைய நிலைய அலுவலர், சேலம்

தம்பி, ஆளை மாற்றாதீர்கள். நான் தீயணைப்பு, மீட்புப் பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்றவன். மேட்டூரிலும் ஏற்காட்டிலும் வேலை பார்த்திருக்கிறேன். கடலை வேடிக்கை பார்த்ததோடு சரி. ஆனால் கிம்பாலின் காகிதங்களைப் படித்தபோது இந்த மனிதர் நம் ஆள் என்று தோன்றியது.

ஆத்தூர் நண்பர் சொன்ன கொட்டகைகள் இருந்தது உண்மை. அவற்றின் கதி என்ன? கிம்பால் பொறுப்பேற்றதும் ஜான் ஃபான்ஸ் என்ற கேப்டனைக் கரையோரம் முழுக்க அனுப்பிப் பார்க்கச் சொன்னார். பல கட்டடங்கள் இடிந்து கிடந்தன, கருவிகள் துருப்பிடித்திருந்தன, தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருள்கள் களவு போயிருந்தன. காவலர் பதவியில் வயதானவர்களும் கட்சிக்காரர்களுக்கு வேண்டியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கொட்டகை கட்டுவது எளிது தம்பி. அதில் இரவு 2 மணிக்கு ஆள் இருக்க வேண்டும், அவருக்குக் கை பழகியிருக்க வேண்டும். இதைச் செய்தவர் கிம்பால்.

அவர் போட்ட வார அட்டவணையைப் பாருங்கள். திங்களும் வியாழனும் கயிற்றுக் கருவிப் பயிற்சி, செவ்வாய் படகு, புதன் கொடிச் சைகை, வெள்ளி நீரில் மூழ்கியவரை மூச்சுவிட வைத்தல், சனி நிலையத்தைக் கழுவித் துடைத்தல். கயிற்றுப் பயிற்சி என்றால், கரையிலிருந்து சிறு பீரங்கியால் ஒரு குண்டைச் சுட வேண்டும். சுமார் 8 கிலோ எடையுள்ள அந்தக் குண்டோடு மெல்லிய கயிறு கப்பலுக்குப் பறக்கும். அதைப் பிடித்து இழுத்தால் கப்பியோடு கயிறும், அடுத்துப் பெருங்கயிறும் வரும். எப்படிக் கட்ட வேண்டும் என்று ஒரு மரப் பலகையில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதிச் சேர்த்து அனுப்பினார்கள்! கடைசியில் கால்சட்டை தைத்த மிதவை வளையம் ஒன்று கயிற்றில் ஓடும், அதில் ஒவ்வொருவராக உட்கார்ந்து கரைக்கு வர வேண்டும். மணலில் நட்ட ஒரு கம்பத்தைக் கப்பலாகப் பாவித்து இத்தனையையும் 5 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். பருவம் தொடங்கி ஒரு மாதம் ஆன பிறகும் முடியவில்லை என்றால், ஒன்று பயிற்சி செய்யவில்லை, அல்லது குழுவில் மந்தமானவர்கள் இருக்கிறார்கள் என்று பொருள் என 1889இல் ஒரு சர்வதேசக் கடல் மாநாட்டுக்காக எழுதிய கட்டுரையில் பச்சையாகவே சொல்லியிருக்கிறார்.

இரவு ரோந்தும் அப்படித்தான். ஒரு நிலையத்து ஆள் கரையோரம் நடந்து, பாதி வழியில் அடுத்த நிலையத்து ஆளைச் சந்தித்துப் பித்தளை வில்லையை மாற்றிக்கொள்ள வேண்டும். வில்லை வரவில்லை என்றால் நடக்கவில்லை. நம் ஊர்ப் போலீஸ்காரர்கள் ரோந்து வந்ததற்குக் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகம் போலத்தான். பக்கத்தில் நிலையமே இல்லாத இடத்தில் ஒரு கம்பத்தில் சாவியைப் பூட்டி வைத்து, ரோந்து போகிறவர் கையில் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டார். அங்கே போய் அந்தச் சாவியைக் கடிகாரத்தில் திருப்பினால்தான் பதிவு விழும். ஏமாற்ற வழி தெரிந்த எழுத்தருக்குத்தான் இப்படி யோசனை வரும்.

ஏற்காட்டில் நானும் காலை தோறும் கயிற்றைப் பிரித்து, ஆளைத் தாங்கித் தூக்கும் ‘சேர் நாட்’ முடிச்சுப் போட்டு, மறுபடி சுற்றி வைக்கச் சொல்வேன். புதிதாக வந்த பையன்கள் முணுமுணுப்பார்கள். ஒரு மார்கழி இரவு கொண்டை ஊசி வளைவில் ஒரு கார் தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே மரத்தில் தொற்றி நின்றது. மூடுபனியில் டார்ச் வெளிச்சம் கை நீளம்கூடப் போகவில்லை. முணுமுணுத்தவர்களில் ஒருவன்தான் முடிச்சைத் தடவிப் பார்த்தே கட்டினான். உள்ளே இருந்த இரண்டு பேரும் மேலே வந்தார்கள். முடிச்சைக் கண்டுபிடித்தவன் நான் அல்ல, அன்று கீழே இறங்கியவனும் நான் அல்ல. காலையில் சுற்ற வைத்தது மட்டும் நான்.

ஏற்காடு வரலாற்று ஆசிரியை

ஐயா சொன்னதோடு இரண்டு கப்பல்களையும் சேருங்கள். 1877 நவம்பர் 24 அன்று ‘ஹூரான்’ என்ற கடற்படைக் கப்பல் வட கரோலினாக் கரையில் மோதி 98 பேர் இறந்தார்கள். பக்கத்திலேயே நிலையம் இருந்தது, ஆனால் டிசம்பர் 1இல்தான் திறப்பார்கள். பணம் அவ்வளவுதான் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து ‘மெட்ரோபோலிஸ்’, 85 பேர். இந்த முறை நிலையத்தில் ஆள் இருந்தார்கள், ஆனால் தாமதமாக வந்தார்கள், பீரங்கிக்குப் போதிய வெடிமருந்து இல்லை. பத்திரிகைகள் கொதித்தன. அந்த நேரத்தில் கிம்பாலிடம் ஆண்டறிக்கைகள் தயாராக இருந்தன. 1878 ஜூன் 18 சட்டம் உயிர்காப்புப் பணியைத் தனி அமைப்பாக்கியது. 1882 சட்டம், கட்சி பார்க்காமல் தகுதி மட்டுமே பார்த்து ஆளெடுக்க வேண்டும் என்றது.

ஆனால் புகழ்மாலை மட்டும் வேண்டாம். அதே வட கரோலினாவில் பீ தீவு நிலையத்துக்கு ரிச்சர்ட் எதரிட்ஜ் 1880இல் பொறுப்பாளரானார், அந்தப் பணியில் ஒரு நிலையத்தை நடத்திய முதல் கறுப்பினத்தவர். 1896 அக்டோபர் 11 அன்று புயலில் ‘நியூமன்’ கப்பலிலிருந்து அவரது குழு 9 பேரையும் காப்பாற்றியது. பீரங்கி வைக்க மணல்கூட மிஞ்சவில்லை. இரண்டிரண்டு பேராகக் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீந்தினார்கள். தங்கப் பதக்கம் 1996இல்தான் கிடைத்தது. அந்த நிகழ்வுக்குப் பிறகு கிம்பால் 18 ஆண்டுகள் பதவியில் இருந்தார். இதையும் கேட்பார்கள்.

ஆத்தூரான்

பார்த்தீர்களா!

பழைய நிலைய அலுவலர், சேலம்

அம்மா சொன்னது சரி. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். எனக்கு இன்னொரு குறையும் உண்டு. நாள் முழுக்க அலையில் உழைத்தவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. அடிபட்டால் குறிப்பிட்ட காலத்துக்குச் சம்பளம், அவ்வளவே. கிம்பால் பலமுறை எழுதினார், அரசு கொடுக்கவில்லை. 1915 ஜனவரியில் வருவாய்க் கப்பல் பணியோடு இணைத்துக் கடலோரக் காவல்படை ஆக்கியபோதுதான் அது கிடைத்தது. கிம்பாலுக்கு அப்போது 80 வயது, நாற்காலியை விட்டுவிட்டார்.

நம் நாட்டிலும் பாருங்கள். கடலோரக் காவல்படை வேண்டும் என்று பரிந்துரைத்த குழுவுக்குத் தலைவர் கே. எஃப். ருஸ்தம்ஜி, எல்லைப் பாதுகாப்புப் படையை அமைத்த காவல்துறை அதிகாரி. மடக்கியவரிடம் இதைக் கேளுங்கள்.

அஸ்தம்பட்டி மாணவன்

மிக்க நன்றி. அந்த 5 நிமிட விதியிலிருந்தே தொடங்கப் போகிறேன். நியூமன் கேள்வி வந்தால் ஒப்புக்கொள்வேன்.

பழைய நிலைய அலுவலர், சேலம்

நல்லது. ‘மந்தமானவர்கள்’ என்ற பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள் தம்பி. எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது தவறாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்.