புதுப்பிப்பு: மலைப்பாதையில் இனி கார் ஓட்டலாமா என்று கேட்டிருந்தேனே

முன்பு எழுதியதைப் படிக்காதவர்களுக்கு: வயது எழுபதைத் தாண்டிவிட்டது, வீடு ஏற்காட்டில். ஒரு நாள் வலது கை மரத்து, பேச்சு குழறி, கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிட்டது. இனி கார் ஓட்டலாமா என்று கேட்டிருந்தேன்.

சேலத்தில் நரம்பியல் மருத்துவரைப் பார்த்தோம். மூளைக்குப் போகும் ரத்தம் தற்காலிகமாக அடைபட்டதாம். சரியாகிவிட்டதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது, அடுத்த சில நாட்களில்தான் பக்கவாதம் வரும் வாய்ப்பு அதிகம் என்றார். பக்கவாதமே வந்துவிட்டால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மலையில் இருப்பவர்களே, கீழே இறங்கும் நேரமும் அந்தக் கணக்கில்தான் சேரும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், நீங்களே ஓட்டிக்கொண்டு இறங்காதீர்கள்.

கார்? இப்போதைக்கு வேண்டாம் என்றார். நான் ஒரேயடியாக விட்டுவிட்டேன். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் கை மரத்துப்போனால் எதிரே வரும் பஸ்ஸில் இருப்பவர்கள் என்ன ஆவார்கள்? லைசென்ஸையும் இனி புதுப்பிக்கப் போவதில்லை.

வலி என்னவென்றால், நினைத்தவுடன் கிளம்ப முடியாதது. மனைவிக்கு மாத்திரை வாங்க, அஸ்தம்பட்டியில் பேத்தியைப் பார்க்க, எல்லாவற்றுக்கும் யாரையாவது கேட்க வேண்டும். கேட்பது எனக்கு இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பிதான், "ஐயா, கீழ போறனுங்க, வர்றீங்களா?" என்று தானாகவே வந்து நிற்கிறான். அவன் நன்றாக இருக்க வேண்டும். மற்ற நாட்களில் பஸ்தான்.

ரத்த அழுத்தம் இப்போது கட்டுக்குள் இருக்கிறது. காரை மகளுக்குக் கொடுத்துவிட்டேன். விசாரித்த எல்லோருக்கும் நன்றி.