பட்டுக்கூடு ஏற்றிய அம்பாசிடர் எஸ்டேட்: வீட்டு வாசலில் பிரித்துக் கட்டிய அனுபவம்

காவேரிப்பட்டணத்தான்:

அம்பாசிடர் எஸ்டேட்டை, அதாவது கூரை கடைசிவரை நீண்டு, பின்னால் சாமான் ஏற்றக் கதவு வைத்த அம்பாசிடரை, வீட்டிலேயே சரிசெய்ய நினைப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நடுக்கதவு வரைக்கும் அது எல்லா அம்பாசிடரையும் போன்றதுதான். அதற்குப் பின்னால் முற்றிலும் வேறு வண்டி. பானெட், மட்கார்டு, விளக்கு, ஸ்டியரிங் எல்லாம் சென்னை புதுப்பேட்டையிலோ பெங்களூரு ஜே.சி. ரோட்டிலோ நின்று தேடினால் இன்றும் கைக்கு வரும். பின்கதவு, அதன் கீல்கள், நீளமான பக்கக் கண்ணாடி, அதைச் சுற்றிய ரப்பர் பீடிங் ஆகியவை சாதாரண அம்பாசிடரிலிருந்து கழற்றிப் போடக்கூடியவை அல்ல. ஆகவே வண்டி பார்க்கப் போனால் என்ஜினுக்கு முன் பின்புறத்தைப் பாருங்கள். 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிற மெக்கானிக்குகள் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் இன்னும் இருக்கிறார்கள். பின்கதவு தொலைந்த எஸ்டேட்டுக்கு வழி சொல்ல யாரும் இல்லை.

எங்கள் வண்டி 1978-இல் பதிவானது. வாங்கியவர் பெரியப்பா. அவர் பட்டுக்கூடு வியாபாரி. கூட்டுக்குள் புழு உயிரோடு இருக்கும். மூட்டை மேல் மூட்டையாக அழுத்தி அடுக்கினால் சூடேறிப் புழு நசுங்கும், கூட்டில் கறை படியும், அங்காடியில் விலை சரிந்துவிடும். எஸ்டேட்டின் பின் இருக்கையை மடித்துவிட்டால் மூட்டைகளைத் தளர்வாக ஒரே வரிசையில் வைக்க இடம் கிடைத்தது. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் தருமபுரி அங்காடிக்கும் ராமநகரத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடுவார். பெரியப்பாவுக்குப் பிறகு மாந்தோப்புக் கொட்டகையில் அது கிடந்தது. காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது நான் எடுத்துக்கொண்டேன்.

வேலையைப் பின்தளத்திலிருந்து தொடங்கினோம். விரிப்பை உரித்ததும் இருக்கைத் தண்டவாளத்தின் இடுக்குகளில் பட்டு நூல் பிசிறு சிக்கியிருந்தது. இழுத்தால் அறுபடாமல் வந்தது. அதன் கீழே தகடு விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. ஈர மூட்டைகளின் தண்ணீர் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் தேங்கியே துருப்பிடித்திருக்க வேண்டும். சக்கர வளைவின் உள்பக்கமும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப்பகுதியும் அப்படித்தான்.

இங்கே அவசரம் கூடாது. அம்பாசிடருக்குத் தனியாகச் சேசிஸ் என்ற அடிச்சட்டம் கிடையாது. உடலே எடையைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழுள்ள பகுதியை அப்படியே வெட்டி எடுத்தால் வண்டி நடுவில் தொய்ந்து, பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. கதவுத் திறப்புகளின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும், அதுவும் ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம். பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தோப்பின் மறுகோடியில் வைத்துவிட்டோம். தளத்துக்கு 18 கேஜ் தகடு. டிங்கர் வேலைக்கு வந்த பெரியவர் வெல்டிங்கை ஒரே கோடாக இழுக்கவே மாட்டார். இங்கே ஒரு புள்ளி, ஒரு முழம் தள்ளி இன்னொரு புள்ளி, ஆறவிட்டு மறுபடி இடையில் ஒன்று. தொடர்ந்து இழுத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும், அந்த நெளிவை மறைக்கப் பட்டியை (பெயின்டுக்கு முன் பள்ளம் நிரப்பும் பசையை) அப்ப வேண்டிவரும் என்பார். எங்கள் வண்டியில் பட்டி மெல்லிய பூச்சாகத்தான் இருக்கிறது. அதில் எனக்குப் பெருமை உண்டு.

அடுத்து, நம் ஊர்த் தண்ணீர். இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. பழைய வண்டிகளுக்கு இங்கே பலரும் போர்வெல் தண்ணீரைத்தான் ரேடியேட்டரில் ஊற்றினார்கள். நம் மண்ணில் அது கடினநீர். சூடாகச் சூடாக அதிலுள்ள உப்பு என்ஜினின் உள்சுவரில் படிந்துகொண்டே போகும். படிவு தடித்தால் ரேடியேட்டர் புதிதாக இருந்தும் பயனில்லை. என்ஜினின் பக்கவாட்டில் தண்ணீர் ஓடும் வழியை அடைத்திருக்கும் வட்டத் தகட்டு மூடியான வெல்ஷ் பிளக்கை, நான்காவது சிலிண்டருக்கு அருகில் உள்ளதை, தட்டி எடுத்தேன். பின்கோடி என்பதால் கசடெல்லாம் அங்கேதான் வந்து அடையும். கம்பியை விட்டுக் கிண்டினால் சுண்ணாம்புக் காளவாய் போல வெள்ளையும் பழுப்புமாக வந்துகொண்டே இருந்தது. எல்லாப் பிளக்குகளையும் எடுத்து, சுரண்டி, சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, இரண்டு திசையிலும் தண்ணீர் பீய்ச்சினோம். இப்போது காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் மட்டுமே. சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது கொதிக்காமல் வருகிறது.

பெட்ரோலும் மாறிவிட்டது. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் குழாயும் பம்பு டயாபிரமும் அதில் உப்பி, பிசுபிசுத்துக் கசியும். கசிவு சூடான என்ஜின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனாலைத் தாங்கும் குழாய்களைக் கேட்டு வாங்கி மாற்றிவிடுங்கள். டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்கவிடாதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

அலங்கார வேலைக்கு நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றே: திருகைக் கழற்றினால் பழைய வண்டி திரும்பி வர வேண்டும். உடலில் புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. பின்தளத்துக்குத் தேக்குப் பலகைகளை இடைவெளி விட்டு அடித்த சட்டம் ஒன்று செய்து, பழைய போல்ட் துளைகளிலேயே இருத்தினேன். காற்று அடியில் ஓடும். மாம்பழப் பெட்டி வைத்தாலும் தகட்டில் ஈரம் நிற்காது. கூரைக்கு மழைநீர்க் கால்வாயைப் பற்றிக்கொள்ளும் கேரியர். பக்கவாட்டில் துணித் திரை. நிறம் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அதே தந்த வெள்ளை.

உங்கள் எஸ்டேட் அனுபவங்களையும் எழுதுங்கள். ஓட்டியவர்கள், பழுது பார்த்தவர்கள், ஏறிப் போனவர்கள், யாராக இருந்தாலும்.

தருமபுரி சீட் தையல்:

அப்பா காலத்தில் எங்கள் கடைக்கு ஆம்புலன்ஸாக ஓடிய எஸ்டேட் ஒன்று வரும். பின்னால் இருக்கை இருக்காது, நோயாளியைப் படுக்கவைக்க ஒரு மெத்தை மட்டும். அந்த மெத்தைக்கு உறை தைப்பது என் வேலை. பென்னாகரம் மலைக் கிராமத்திலிருந்து பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டதாக ஓட்டுநர் அண்ணன் சொன்னார். மறுநாள் உறையைக் கழுவிக் கொண்டுவந்து, தாயும் பிள்ளையும் நலம் என்று சொல்லித்தான் பழைய உறையைக் கொடுத்தார். அப்பா அந்த முறை கூலி வாங்கவில்லை.

அண்ணா, இருக்கைக்கு ஸ்பிரிங்கின் மேல் தேங்காய் நார் விரிப்பைத்தான் போடுங்கள். பஞ்சு ரப்பர் மட்டும் வைத்தால் ஸ்பிரிங் அதை அறுத்துவிடும். ரெக்சினை வெயிலில் காயவைத்து, சூடு இருக்கும்போதே இழுத்துப் பொருத்துங்கள், சுருக்கம் விழாது.

ஓசூர் லேத்:

தம்பி, வேலை சுத்தமாக இருக்கிறது. ஆனால் துளை போடாத விதியைப் பிரேக்கிலும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். நான்கு சக்கரமும் டிரம் பிரேக். எஸ்டேட் என்றால் பின்னால் பாரம் வேறு. தொப்பூரில் சேலம் பக்கம் இறங்கும்போது காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் குறையும். அந்த இறக்கத்தில் எத்தனை விபத்து நடந்திருக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பிற்கால அம்பாசிடர்களில் முன்பக்கம் டிஸ்க் பிரேக் வந்தது. அந்த அமைப்பைத் தேடிப் பிடித்து மாற்றுங்கள். மாற்றவில்லை என்றால் டிரம்களை லேத்தில் கொடுத்து வட்டம் பார்த்துவிடுங்கள். ஓரத்தில் வரம்பு விழுந்த டிரம்மைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டாதீர்கள். மெலிந்த டிரம் சூட்டில் விரிந்துவிடும். இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள்.

என் பட்டறைக்குக் கல்குவாரி முதலாளி ஒருவரின் எஸ்டேட் வரும். பின்னால் கருங்கல் மாதிரிப் பலகைகளை அடுக்கிக்கொண்டு பெங்களூருக்குப் போவார். பட்டை ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கமாக வளைந்திருக்கும். கூடுதல் பட்டை சேர்த்துக் கொடுத்தேன். வெறும் வண்டியாக வந்தால் குதிக்கும், கல்லோடு வந்தால் தேர் மாதிரி வரும் என்று அவரே சொல்வார்.

பர்கூர் வாசகி:

என் மாமனார் வீட்டிலும் ஓர் எஸ்டேட் நிற்கிறது. 15 ஆண்டுகள் தாண்டிய வண்டியை நொறுக்கிவிட வேண்டும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். வின்டேஜ் என்று பதிவு செய்தால் தப்பிக்கலாமா?

காவேரிப்பட்டணத்தான்:

சகோதரி, டெல்லியின் கட்டுப்பாட்டை நம் ஊரோடு குழப்பிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் சொந்தப் பயன்பாட்டுக் கார் 15 ஆண்டுகள் முடிந்ததும் தகுதிச் சோதனையில் தேறினால், ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

வின்டேஜ் பதிவுக்கு மத்திய அரசு 2021-இல் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். சேசிஸ், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடம் எடுக்க முடியாது. எங்கள் வண்டிக்கு 2028-இல் அந்தத் தகுதி வரும். நான் விண்ணப்பிக்கப் போவதில்லை. சுமை ஏற்றுவதற்கென்றே கட்டிய வண்டியைப் பேரணிக்கு மட்டும் வெளியே எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மாமனார் வண்டியை வீட்டில் யாராவது ஓட்டப் போகிறீர்கள் என்றால் சாதாரணப் புதுப்பித்தலே போதும். என்ஜினை மாற்ற யாராவது யோசனை சொன்னால், வட்டாரப் போக்குவரத்து அலுவலக அனுமதியும் ஆர்.சி.யில் திருத்தமும் இல்லாமல் கை வைக்க விடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதில் கறாரானது.

ஓசூர் அண்ணா, டிஸ்க் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். என் விதிக்கும் அது முரணில்லை. பழைய டிரம்களை எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டி வைத்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம். பட்டறைக்கு வரும்போது டிரம்களையும் கொண்டுவருகிறேன், வட்டம் பார்த்துச் சொல்லுங்கள்.

தையல் தம்பி, நார் விரிப்புக்கு உங்களிடமே வருகிறேன்.

பர்கூர் சகோதரியிடம் ஓர் உதவி. எங்கள் வண்டியின் இடப்பக்க நீளக் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. டஃபன் செய்த, அதாவது சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடியை வாங்கிய பின் வெட்ட முடியாது. நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய லேமினேட் கண்ணாடியை அளவுக்கு வெட்டித் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். அதற்கு உடையாத கண்ணாடியின் சரியான அச்சு வேண்டும். மாமனார் வண்டியின் இடப்பக்கக் கண்ணாடி முழுதாக இருந்தால், அட்டையை வைத்து வரைந்துகொள்ள ஒருநாள் வரலாமா?