விளம்பரத்தின் முதல் வரி: தலைப்பா, தலைவாசகமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘தலைப்பு’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக ஒன்று எதற்கு?

விளம்பரத்தின் முதல் வரியை ஆங்கிலத்தில் ‘headline’ என்கிறார்கள், அதற்குத் தமிழில் ஒரு சொல்லை நம் குழு தேடிக்கொண்டிருக்கிறது. போன மடலில் ஐயா கேட்ட இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டுரைக்குத் தலைப்பு, பட்டிமன்றத்துக்குத் தலைப்பு, செய்திக்குத் தலைப்பு, சேலைக்கும் தலைப்பு. இத்தனை இடத்தில் உழைக்கிற சொல்லை விளம்பரத்துக்கும் இழுத்தால் என்ன நடக்கிறது என்பதை என் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன்.

இங்கே சிங்கப்பூரில் நான்கு மொழி விளம்பரங்களுக்குத் தமிழ்ப் பகுதி எழுதுவது என் தொழில். அண்மையில் ஒரு துணைப்பாட நிலையத்துக்குத் துண்டறிக்கை செய்தோம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளில், மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கு. எங்களிடம் வந்த படிவத்தில் முதல் கட்டத்துக்குப் பெயர் ‘தலைப்பு’. என்னோடு வேலை செய்யும் தம்பி அதில் ‘தமிழ்த் துணைப்பாட வகுப்புகள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர்மேல் தப்பே இல்லை. தலைப்பு கேட்டார்கள், தலைப்பு கொடுத்தார்.

ஆனால் அந்த இடத்தில் நிற்கிற அம்மாவை நினைத்துப் பாருங்கள். ஒரு கையில் தேக்கா சந்தைப் பை, இன்னொரு கையில் பிள்ளையின் புத்தகப்பை. மின்தூக்கி வரும்வரைதான் அவருக்கு நேரம். சுவரில் ‘துணைப்பாட வகுப்புகள்’ என்று ஏற்கெனவே மூன்று தாள்கள் இருக்கின்றன. நான்காவதை அவர் ஏன் படிக்க வேண்டும்? தம்பியும் நானும் உட்கார்ந்து பேசினோம். அந்த நிலையத்து ஆசிரியையிடம், பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று கேட்டோம். அவர் சொன்னதிலிருந்தே வரி கிடைத்தது:

‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று எழுதும் பிள்ளைக்கு, சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம்.

தன் பிள்ளையின் நோட்டில் அந்தப் பல்லியைப் பார்த்த எந்த அம்மாவும் அடுத்த வரிக்குக் கண்ணை இறக்குவார். தலைப்பு பொருளுக்குப் பெயர் சொல்லும். இந்த வரி, படிப்பவரைப் பெயர் சொல்லாமலே கூப்பிடுகிறது. வேலை வேறு என்றால் பெயரும் வேறாக இருக்கட்டும் என்பதுதான் என் வாதம்.

1958இல் விளம்பர எழுத்தாளர் டேவிட் ஓகில்வி ரோல்ஸ்-ராய்ஸ் காருக்குச் செய்த விளம்பரம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது இந்தப் புதிய காரில் பெரிதாகக் கேட்கும் சத்தம் மின்கடிகாரத்துடையதுதான் என்பது அதன் முதல் வரி. அந்தக் கருத்து அவருடைய கற்பனையில் பிறந்ததில்லை. காரைப் பற்றி வாரக்கணக்கில் படித்தவர், மோட்டார் இதழ் ஒன்றின் தொழில்நுட்ப ஆசிரியர் எழுதியிருந்ததைக் கண்டு எடுத்துக்கொண்டார். ‘தலைப்பு’ மட்டும் தேடியிருந்தால் ‘புதிய ரோல்ஸ்-ராய்ஸ்’ என்பதோடு நின்றிருப்பார். விளக்கத்தைப் படிப்பவர் ஒருவர் என்றால் முதல் வரியைப் படிப்பவர் ஐந்து பேர் என்பதும் அவர் சொன்ன கணக்குத்தான்.

சரி, குழுவில் வந்த சொற்களுக்கு வருகிறேன்.

‘தலைவரி’ சுருக்கமானது, எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிய பழைய வரிக்கு அதுதான் பெயர். இங்கே கடை ரசீதில் 9 விழுக்காடு பொருள், சேவை வரியைத் தினமும் பார்க்கிறவர்கள் நாம். விற்பனை விளம்பரத்தைப் பற்றிப் பேசும்போது ‘தலைவரி’ என்றால் காசு போகிற நினைப்புத்தான் வரும். ‘முகவரி’யோ வீட்டு விலாசமாகிவிட்டது. ஆகவே வரியில் முடியும் சொற்களை நான் தள்ளி வைக்கிறேன். ‘முகப்புவரி’ ஓரளவு தப்பிக்கும், ஆனால் சொல்லும்போது நாக்கு தட்டுகிறது.

‘கொளு’ என்று அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார். பழைய இலக்கண நூலில் ஒரு துறையின், அதாவது பாடுபொருளின், கருத்தைச் சுருக்கி முன்னால் சொல்லும் வடிவம் அது. அழகான யோசனை. ஆனால் காதில் ‘கொலு’ என்று விழும், நவராத்திரி பொம்மைகள் கண்முன் வரும். ‘கொக்கிவரி’ வேண்டவே வேண்டாம். படிப்பவர் மீன் இல்லை.

மலேசிய அக்கா சொன்ன ‘மகுடம்’ என்னை நிறைய யோசிக்க வைத்தது. தலையில் இருப்பது என்ற பொருளில் அவர் சொன்னார். ஆனால் செய்யுளில் மகுடம் என்பது பாட்டுதோறும் கடைசியில் திரும்பத் திரும்ப வரும் தொடர். சித்தர் பாடல்களில் நிறையக் காணலாம். அப்படியானால் அது நிறுவனப் பெயருக்குக் கீழே, எல்லா விளம்பரத்திலும் மாறாமல் வருகிறதே ஒரு சிறு தொடர், அதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். அக்கா, உங்கள் சொல்லை மேலிருந்து கீழே இறக்கிவிட்டேன், கோபிக்காதீர்கள். அங்கே அதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் வரிக்கு நான் முன்வைப்பது ‘தலைவாசகம்’. ‘விளம்பர வாசகம்’ என்று மக்கள் ஏற்கெனவே சொல்கிறார்கள், அதனால் புதுச்சொல்லாகவே தோன்றாது. காதில் ‘தலைவாசல்’ ஒலிக்கிறது. வீட்டுக்குள் நுழையும் இடம் அது, இந்த வரியின் வேலையும் அதுதான். தலைவாசல் போலவே இதிலும் ஒற்று மிகாது. கீழே வரும் சிறிய வரி ‘துணைவாசகம்’, அதற்கும் கீழே ‘விளக்கம்’, கடைசியில் ‘மகுடம்’.

நீளமாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். சுவரொட்டியில் சீனத்துக்கு ஒதுக்கிய அதே கட்டத்தைத் தமிழுக்கும் கொடுத்துவிட்டு எழுத்தைச் சிறிதாக்கும் வடிவமைப்பாளர்களோடு மல்லுக்கட்டுகிறவள் நான், நீளத்தின் கஷ்டம் தெரியும். ஆனால் இந்தச் சொல் சுவரொட்டியில் வரப்போவதில்லை, படிவத்திலும் எங்கள் பேச்சிலும்தான் வரும். ஆறு எழுத்து தாங்கும். மசேநிதி (மத்திய சேம நிதி), வீவக போன்றவை வீட்டுச் சொற்களானதும் படிவத்திலும் செய்தியிலும் நாள்தோறும் புழங்கித்தானே.

துணைப்பாட நிலையத்தின் அடுத்த துண்டறிக்கைக்குப் படிவத்தை நானே தயாரிக்கிறேன். முதல் கட்டத்தில் ‘தலைவாசகம்’ என்று போடப்போகிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். ‘துணைவாசகம்’ பற்றி எனக்கே முழுத் திருப்தி இல்லை, அதற்கு வேறு சொல் தோன்றினால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.