புதுப்பிப்பு: எட்டயபுரத்து ஓலைக்காரன் பிரச்சினை தீர்ந்தது

யோசனை சொன்ன அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் நன்றி.

புதிதாக வாசிப்பவர்களுக்கு: எங்கள் டேபிள்டாப் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதை நடத்தி ஆடும் விளையாட்டு) கதை 1799-இல் நெல்லைச் சீமையில் நடக்கிறது. குழு பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் பக்கம். ஒருவருடைய கதாபாத்திரம் மட்டும், கும்பினியோடு (கிழக்கிந்தியக் கம்பெனி) சேர்ந்த எட்டயபுரத்துக்குக் கடன்பட்ட ஓலைக்காரன். அவர் ரகசிய வேலைக்குத் தனியே போனால் மற்றவர்கள் சும்மா டைஸை உருட்டிக்கொண்டிருப்பார்கள். இதற்குத்தான் வழி கேட்டிருந்தேன்.

"எட்டயபுரத்து விசுவாசத்தையே வெட்டிவிடு" என்றதை எடுக்கவில்லை; அந்த ஆளின் உயிரே அதுதான். பலித்தது, "எட்டயபுரத்து உத்தரவைக் குழு போகிற பாதையிலேயே போடு" என்ற யோசனை. ஓலை ஒட்டப்பிடாரத்தில் கைமாற வேண்டும். குழுவுக்கும் அன்றிரவு அங்கேதான் வேலை. கூடவே, இன்னொரு கதாபாத்திரத்தின் தங்கையை எட்டயபுரத்தில் கட்டிக்கொடுத்ததாக வைத்தோம். ஓலைக்காரனின் ரகசியம், விளையாடுகிற எல்லாருக்கும் தெரியும், கதாபாத்திரங்களுக்குத்தான் தெரியாது. இதை முதலிலேயே பேசிக்கொண்டது ரொம்ப உதவியது.

எதிர்பாராதது: ஓலைக்காரன் தானாகவே ஓலையைப் பிரித்துக் காட்டிவிட்டான்! இப்போது குழு அவன் கையில் பொய் ஓலை கொடுத்து அனுப்புகிறது. அதற்காக நம்பிக்கைப் புள்ளி வைத்திருக்கிறேன்; பொய் வெளிப்பட்டால் ஒன்று குறையும், பூஜ்யமானால் எட்டயபுரத்து ஆட்கள் தேடி வருவார்கள். அக்டோபர் 16, கயத்தாறு: கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதை மட்டும் மாற்றுவதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம்.